விருப்பக்குறியும் வினைப்பயனும்

உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையுடையது என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிறமாகக் காட்டுதல் போல, உயிரும் மலத்தைச் சார்ந்துழி மலத்தின் வண்ணமும், இறைவனைச் சார்ந்துழி அவன் திருவருளின் வண்ணமும் எய்தும். இவ்வுண்மையை நாடோறும் ஓதியும் பிறர்க்கு உணர்த்தியும் வருகின்ற சைவ நன்மக்களுள்ளே பலர், தம் கைப்பேசியிற் காணும் ஓர் எண்ணைச் சார்ந்து, அவ்வெண்ணின் வண்ணமாகவே ஆகிவருதல் இந்நாளிற் கண்கூடு. அவ்வெண்ணாவது, சமூக ஊடகங்களில் இடப்படும் பதிவின்கீழ் ‘லைக்’ என்னும் பெயரால் தோன்றும் விருப்பக்குறியின் தொகை. சிவத்தொண்டு என்னும் பெயரால் இடப்படும் பதிவுகள் பல அத்தொகையால் ஏவப்பட்டே நிகழ்கின்றன என்பதும், அவ்வேவல் நாளடைவில் எப்பயனையுங் கருதாத வெறும் பழக்கமாக இறுகிவிடுகின்றது என்பதும், அங்ஙனம் இறுகியதை அறிவுரையால் மட்டும் நெகிழ்த்தல் அரிது என்பதும் ஈண்டு நிறுவப்படும்.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை அடுத்துள்ளது கடப்பாக்கம். ஆண்டுள்ள ஆலம்பரைக் கோட்டை 1750 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760 ஆம் ஆண்டில் ஆங்கிலேயராற் கைப்பற்றப்பட்டு இடிக்கப்பட்டது. எஞ்சி நிற்கும் மதிற்சுவர்களையும் அவற்றை அடுத்த கழிமுகத்தையும் காணச் செல்வோர் பலர். அவருட் சிலர் மதிலைக் கண்ணாற் காணுமுன்னரே அதனை முதுகிற்குப் பின்னாக்கி நின்று, தம் முகத்தைப் படம்பிடித்து ஊடகத்தில் ஏற்றிவிட்டு, எத்துணைப் பேர் விரும்பினர் என்று கைப்பேசியையே நோக்கியிருக்கின்றனர். கோட்டையிடத்து நிகழும் இது பெரிதும் பழிக்கத்தக்கதன்று; கோட்டை வழிபடுமிடம் அன்று ஆகலின். ஆயின், அக்கையே, அப்பழக்கமே, கோபுரவாயிலையுங் கடந்து கருவறையின் முன்னும் வந்து நிற்கின்றது. தீபாராதனை நிகழுங்காற் குவியவேண்டிய கைகள் கைப்பேசியை உயர்த்துகின்றன. திருமுன் நிற்பவன் திருவுருவைக் காணாது, அதன் நிழலைக் கண்ணாடித் தகட்டிற் காண்கின்றான். இதனைத் தொண்டென்று சிலர் காக்கப் புகுதலாலேயே இக்கண்டனம் எழவேண்டியதாயிற்று.

இம்மயக்கம் விளையும் ஆற்றை முதற்கண் ஆராய்தல் வேண்டும். 1898 ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலறிஞர் எட்வர்ட் தார்ண்டைக் என்பவர், பசித்த பூனைகளைக் கூட்டினுள் அடைத்து, வெளியே உணவு வைத்து, அவை கதவைத் திறந்து வெளிவரும் வகையை நோக்கினார். உள்ளிருந்த விசையைப் பூனை முதன்முறை தற்செயலாகவே தட்டியது, கதவு திறந்தது, உணவு கிடைத்தது. மறுமுறை அடைக்கப்பட்டபோது அச்செயல் சிறிது விரைந்து நிகழ்ந்தது. பன்முறை பயின்றபின் அடைத்தவுடனே விசையைத் தட்டலாயிற்று. இன்பம் பயந்த செயல் மீண்டும் நிகழும், பயவாதது தேயும் என்பதே அவர் கண்ட முடிபு. அவர்க்குப் பின்வந்த ஸ்கின்னர் என்பவர் எலிகளையும் புறாக்களையுங் கொண்டு இதனை மேலும் ஆராய்ந்தார். கொத்துந்தோறும் தவறாது இரைபெற்ற புறா, இரை நின்றபின் விரைவிற் கொத்துதலை விடும். எப்பொழுது வரும் என்று அறியவொண்ணாதவாறு இடையிடையே இரைபெற்ற புறாவோ, இரை நின்றபின்னும் நெடும்பொழுது கொத்திக்கொண்டேயிருக்கும். இரை வழங்கும் முறைகள் பலவற்றையும் அவற்றால் விளையும் செயல்வேறுபாடுகளையும் ஃபெர்ஸ்டர் என்பாருடன் சேர்ந்து 1957 ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் அவர் விரித்துரைத்தார்.

ஊடகத்திற் பதிவிடுவோன் நிலை அப்புறாவின் நிலைக்கு எத்துணைத் தொலைவிலுள்ளது? 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம் விருப்பக்குறியைத் தன் பக்கங்களிற் சேர்த்தது; பிற நிறுவனங்களும் அத்தகைய குறிகளை வழங்குகின்றன. ஒரு பதிவிற்கு ஐந்து குறி வரும். மற்றொன்றிற்கு ஐந்நூறு வரும். எதற்கு எது வரும் என்று முன்னறிதல் கூடாது. அவ்வறியாமையே கையை மீண்டும் மீண்டும் கைப்பேசிக்கு இழுக்கின்றது. இது வெறும் உவமையன்று. 2021 ஆம் ஆண்டில் லிண்ட்ஸ்ட்ரோம் முதலிய அறிஞர், 4,000க்கு மேற்பட்டோர் இட்ட பத்து லட்சத்திற்கு மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். குறிகள் மிக்கு வந்த காலத்தில் அடுத்த பதிவு விரைந்து வந்தது. குறைந்து வந்த காலத்தில் அது தாழ்த்தது. உணவின்பொருட்டு விசையைத் தட்டும் விலங்கு முயற்சியையும் ஊதியத்தையும் சீர்தூக்கித் தட்டும் கணக்கே மக்கள் பதிவிடுதற்கண்ணும் பொருந்தக் கண்டனர். குறியின் தொகையைத் தாமே கூட்டியுங் குறைத்தும் நிகழ்த்திய சோதனையிலும் அம்முடிபே கிடைத்தது.

சித்தாந்தம் பயின்றார்க்கு இது புதிதாகத் தோன்றாது. முன்வினையின் பயனாகிய பிராரத்தத்தை நுகருங்கால், அந்நுகர்ச்சியில் விருப்பும் வெறுப்புங் கொள்ளுதலால் ஆகாமியமாகிய புதுவினை ஏறுகின்றது. நுகர்ச்சியே மேல்வினைக்கு வித்தாதல் அங்குக் கூறப்பட்டது. எனினும் இரண்டும் ஒன்றென்று மயங்குதல் கூடாது. உளநூலார் செயல் எத்துணை விரைந்து நிகழ்ந்தது என்று அளந்தறிவர். செய்தவனுள்ளே நின்ற ‘யான் செய்தேன்’ என்னும் முனைப்பை அவ்வளவை காட்டமாட்டாது. அம்முனைப்பு ஆணவத்தின் காரியம். விருப்பக்குறியோ அதற்கு நாள்தோறும் இடப்படும் இரை. அவர் ஆராய்ச்சி நோயின் ஓட்டத்தைக் காட்டும். நோயின் முதலைக் காட்டுதற்குச் சித்தாந்தமே வேண்டும். இரண்டுங் கூடியவழியே மருந்து புலப்படும்.

இனி, மறுப்பார் கூற்றுகளை ஒவ்வொன்றாக ஆராய்க. முதற்கண், ‘திருவுருவப் படமும் திருமுறைப் பாட்டும் பதிவிடுதல் சரியைத் தொண்டு, அதனைப் பழித்தல் தொண்டினைப் பழித்தலாம்’ என்பர். தொண்டாயின் பழிப்பார் இலர். தொண்டோ அன்றோ என்பதை அறிதற்கு ஓர் உரைகல் உண்டு. குறி பெருகியவழிப் பெருகி, குறி சுருங்கியவழிச் சுருங்கி, குறியின் போக்கிற்கேற்பத் தன் பொருளையும் மாற்றிக்கொள்ளுஞ் செயல் குறிக்குத் தொண்டேயன்றிச் சிவத்திற்குத் தொண்டாகாது. ஓதுவார் ஒருவர் பதிகத்தைப் பண் பிறழாது பாடிப் பதிவிடுகின்றார் எனக் கொள்க. இருபது குறி வருகின்றது. மறுநாள் அதனையே திரைப்பாடலின் மெட்டிற் பாடுகின்றார், இரண்டாயிரம் வருகின்றது. மூன்றாம் நாள் அவர் எதனைப் பாடுவார்? ஒருவருங் கட்டளையிடவில்லை, பொருளுங் கொடுக்கவில்லை. இருபதும் இரண்டாயிரமுமே ஆசிரியராய் நின்று அவரைப் பயிற்றிவிட்டன. ஈராண்டு கழிந்தபின் பண்ணை மறந்தேன் என்று அவர் உணரவும் மாட்டார். மக்கள் விரும்பியவாறு தொண்டு செய்கின்றேன் என்றே கருதுவார்.

திருநாவுக்கரசர் திருப்புகலூரில் உழவாரத் தொண்டு செய்துகொண்டிருந்த இடத்தில் பொன்னும் நவமணியுந் தோன்றின என்று சேக்கிழார் பெருமான் அருளினார். அரசர் அவற்றைப் பரற்கற்களோடு ஒப்ப எடுத்து வாவியில் எறிந்துவிட்டுத் தம் பணியைத் தொடர்ந்தார். பொன் தோன்றிய இடத்திலேயே மீண்டும் மீண்டும் உழவாரத்தைச் செலுத்தினாரல்லர். பொன் தோன்றியது பற்றி அஞ்சிப் பணியை விட்டாருமல்லர். பயன் வந்து காட்டியும் செயல் அதனால் மாறாமையே தொண்டின் இலக்கணம். ஓட்டையும் பொன்னையும் ஒப்ப நோக்குதலாகிய இருவினையொப்பு இதுவே. இன்றைப் பதிவாளர், பொன் தோன்றிய குழியைவிட்டு அகலாதார் அல்லரோ?

இவ்வியந்திரத்தாற் சைவர்க்கு விளையும் பெருங்கேடு வேறொன்றுளது. 2021 ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்துப் பிரேடி முதலியோர், 7,331 பேர் ட்விட்டரில் இட்ட 1 கோடியே 27 லட்சம் பதிவுகளை ஆராய்ந்தனர். அறச்சினந் தோன்ற எழுதியதற்குக் குறியும் பகிர்வும் மிகப் பெற்றோர் பின்னரும் அச்சினத்தையே மிகுத்தெழுதினர் என்பது அவர் கண்டது. இதனினுங் கருதத்தக்கது, கடுங்கொள்கையினரின் குழுவில் இருந்தோரைக் காட்டிலும் மிதவாதிகளின் குழுவில் இருந்தோரே இப்பயிற்சிக்கு மிகுதியாக வசப்பட்டனர் என்பது. சைவருள் இயல்பாகவே கடுமொழி பேசுவார் சிலர் எக்காலத்தும் இருந்தனர். அவரை ஊடகம் ஆக்கவில்லை. மென்மொழியாளராய், நூற்பொருளை அமைதியுற விளக்கி வந்த ஒருவர், ஒருநாள் பிறசமயத்தாரையோ தம் சமயத்துட் பிறிதொரு மரபினரையோ சுடுசொல்லால் தாக்கி எழுதி, என்றும் பெறாத தொகையைப் பெற்று, அதனாற் சிறிது சிறிதாக வசைகவியாய் மாறிவிடுதலே பெருங்கேடு. பரபக்கம் மறுத்தல் சைவ மரபில் உண்டு. ஆயின் அருணந்தி சிவாசாரியார் பிறர் கொள்கையை முதலில் முறையாக எடுத்து நிறுத்தி, அதன் பின்னரே மறுத்தார். குறியை நோக்கி எழுதுவார்க்கு எடுத்து நிறுத்தற்குப் பொழுதுமில்லை, பயனுமில்லை. நிறுத்துதற்குக் குறி விழுவதில்லை, தாக்குதற்கே விழுகின்றது.

இரண்டாவதாக, ‘புலவர் பரிசில் வேண்டிப் பாடியது பண்டைத் தமிழ்வழக்கு, பாராட்டை விரும்புதல் இயற்கை, பாராட்டின்றி எழுதுவார் யாருமிலர்’ என்பர். கடப்பாக்கத்தைத் தன்னகத்தே கொண்ட இடைக்கழிநாட்டைச் சுட்டியே இதனைச் சாதிக்கவுங் கூடும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனை நல்லியக்கோடனிடத்து ஆற்றுப்படுத்தலே அதன் பொருள். இது மெய்யே, ஆயின் மறுப்பார்க்குத் துணையாகாது. என்னை? அப்பரிசில் 269 அடிகொண்ட பாட்டு முழுமையும் முற்றுப்பெற்றபின், அதன் நலமறிந்த ஒருவனாற் கொடுக்கப்படுவது. அடிதோறும் ஒரு காசு எறியப்பட்டிருப்பின், எவ்வடிக்குக் காசு விழுந்ததோ அவ்வடியையே புலவர் திரும்பத்திரும்பப் பாடியிருப்பார், ஆற்றுப்படை தோன்றியிராது. கற்றோன் ஒருவன் ஆராய்ந்து தரும் பரிசில் புலமையை வளர்க்கும். படித்தோ படியாமலோ விரல்நுனியாற் போகிற போக்கிற் பலர் இட்டுச்செல்லும் குறி புலமையைச் சிதைக்கும். பாராட்டின்றி எழுதுவார் இலர் என்பதும் பொய். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 ஆம் ஆண்டு தொட்டு 1761 ஆம் ஆண்டு வரை எழுதிய நாட்குறிப்பில் ஆலம்பரையின் பெயரும் இடம்பெறும். அவர் வாழ்நாளில் அஃது அச்சேறவில்லை. 1846 ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டது. கால் நூற்றாண்டு ஒரு குறியும் பெறாது எழுதியது இன்று வரலாற்றுக்குக் கருவூலமாய் நிற்கின்றது.

மூன்றாவதாக, ‘இது தீதாயின் வேண்டும்பொழுது விட்டுவிடலாம், அறிவுடையார் அடிமையாகார்’ என்பர். இதுவே எல்லாவற்றினும் பெரிய மயக்கம். பயன்கண்டு பயின்ற செயல் பன்முறை நிகழ்ந்தபின் பயனையே வேண்டாததாகிவிடும். 2011 ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலார் திரையரங்கிற் சிலர்க்குப் புதிய சோளப்பொரியும், சிலர்க்கு ஏழுநாட் கழிந்த சோளப்பொரியுங் கொடுத்தனர். திரையரங்கிற் பொரி தின்னும் பழக்கம் வலிதாக உடையோர், சுவையின்மையை உணர்ந்தும், புதிய பொரியைத் தின்றார் அளவே பழம்பொரியையுந் தின்றனர். திரையரங்கல்லாத வேறோர் அறையிற் கொடுத்தபோது அவ்வாறு தின்றிலர்; மற்றைக் கையாலே தின்னச் செய்தபோதும் பழக்கத்தின் வலி குன்றியது. தின்பித்தது நாவன்று, இடமும் கையுமே என்பது இதனாற் பெறப்பட்டது.

பகிர்தலும் அத்தன்மைத்தே. 2023 ஆம் ஆண்டில் வெண்டி வுட் முதலியோர் ஃபேஸ்புக் பயன்படுத்துவோர் 2,476 பேரை ஆராய்ந்தனர். மிகுபழக்கமுடைய 15 விழுக்காட்டினரே பொய்ச்செய்திப் பகிர்வில் 30 முதல் 40 விழுக்காடு வரை செய்தனர். அவர் பொய்யை விரும்பியதனால் அவ்வாறு செய்தாரல்லர். தம் அரசியற் கொள்கைக்கு மாறான செய்தியையுங் கூடப் பகிர்ந்தனர். மெய்யோ பொய்யோ என்னும் வினாவே அவருள்ளத்தில் எழுமுன் விரல் தன் தொழிலை முடித்துவிட்டது. திருமுறையில் இல்லாத அடியைத் திருமுறை என்றும், நாயன்மார் கூறாததை நாயன்மார் வாக்கென்றும் பகிர்வாரை ‘பொய்யர்’ என்று சினத்தல் இதனாற் பயனற்றதாகின்றது. அவர் பொய்யரல்லர், வாசனைவயப்பட்டோர். பெருங்காயம் நீங்கியும் அதன் மணம் பாண்டத்தை விடாதவாறு, பயன் நீங்கியும் செயல் அவரை விட்டிலது. நினைத்தபொழுது விடுவேன் என்பார், தீபாராதனையின்போது ஒருமுறை கைப்பேசியைத் தொடாமல் நின்று பார்ப்பாராக. கை தானே எழுதலை அன்றுணர்வர்.

அற்றேல் பழக்கம் முழுவதும் தீதோ எனின், அன்று. சாக்கிய நாயனார் காஞ்சியில் நாடோறும் சிவலிங்கத்தின்மீது ஒரு கல்லெறிந்த பின்னரே உண்ணும் நியதி பூண்டார். அஃது ஒருவர் கண்டு புகழத்தக்க செயலன்று, கண்டார் இகழத்தக்கது. புகழாம் இரை ஒன்றும் இன்றியே அன்பினால் அப்பழக்கம் வலியுற்றது. ஒருநாள் மறந்து உண்ணப் புகுங்கால் நினைவுவந்து, பசியோடு எழுந்தோடிக் கல்லெறிந்தார், அருள் பெற்றார். ஐந்தெழுத்தோதலும் திருநீறணிதலும் நாள்வழிபாடும் பழக்கமாகவே நிலைபெறுவன. எனவே வினா, பழக்கம் வேண்டுமோ வேண்டாவோ என்பதன்று. அப்பழக்கத்தை வளர்த்த இரை யாது என்பதே. அன்பால் வளர்ந்தது மறந்தவழி நெஞ்சை வருத்தும். குறியால் வளர்ந்தது மறந்தவழி விரலை மட்டும் தினவெடுக்கச் செய்யும்.

நான்காவதாக, ‘கருவி குற்றமுடைத்தன்று, கடல்கடந்த நாடுகளில் வாழுந் தமிழர் திருமுறை கேட்பதும் திருவிழாக் காண்பதும் இக்கருவியாலன்றோ’ என்பர். இக்கூற்றில் உண்மையுண்டு, மறுத்தல் வேண்டா. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் இலண்டனிலும் உள்ள அடியார்க்குப் பதிகம் சென்று சேர்தல் நன்றே. ஆயின் பதிகம் சேர்தற்கு வேண்டுவது ஒலியும் எழுத்தும். அவற்றின்கீழ் நிற்கும் எண்ணன்று. இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் அத்தொகையை மறைத்துக்கொள்ளும் வசதியை 2021 மே மாதத்தில் அளித்தன. தொண்டே கருதுவார் அதனை மறைத்துவிட்டுத் தொண்டு செய்வாராக. மறைத்தபின்னும் பதிவிடல் தொடருமாயின் அதனைத் தொண்டென்று கொள்ள இடமுண்டு. மறைக்க மனமில்லையாயின், பதிவிடப்படுவது பதிகமாயினும் தேடப்படுவது எண்ணே.

இனிச் செய்யத்தக்கது யாது? பழக்கம் இடத்தையும் குறிப்பையும் பற்றி நிற்பதாகலின், இடத்திலேயே அதனை அறுத்தல் வேண்டும். திருச்செந்தூர்த் திருக்கோயிலைப் பற்றிய வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை 2022 டிசம்பரில், தமிழ்நாட்டுத் திருக்கோயில்களினுள் கைப்பேசியைத் தடுக்குமாறு அறநிலையத்துறைக்கு ஆணையிட்டது. பழநியில் 2023 அக்டோபர் முதல் நாள் தொட்டுத் தடை நடைமுறைக்கு வந்தது. இதனை அடியார் உரிமைக்கு இழுக்கென்று பேசினாரும் உளர். கையை ஏவும் பழக்கத்தைக் கோபுரவாயிலில் இறக்கிவைத்தல் உரிமையிழப்பன்று. சிறிது நேரமேனும் உரிமை பெறுதலாம். ஆணை ஒன்று, அதனைக் காப்பது வேறொன்று. அடியாரே முன்னின்று காவாதவழி, வாயிலில் நிற்குங் காவலர் எத்துணைப் பேரைத் தடுக்கவியலும்?

கோயிற்கு வெளியேயும் சில நியதிகள் வேண்டும். சமயப் பதிவிடுவோர், எழுதியதை ஓரிரவு வைத்திருந்து மறுநாள் மூலநூலோடு ஒப்புநோக்கி வெளியிடுக. வெளியிட்ட நாளில் மீண்டும் அதனைச் சென்று நோக்காதிருக்க. சினம் மேற்பட்ட பொழுதில் எழுதாதிருக்க. சைவ சபைகள் தம் குழுக்களிற் பாட்டின் பதிகமும் பாடலெண்ணும் தவறாது காட்டுவாரைப் பாராட்டுக. மேற்கூறிய 2023 ஆம் ஆண்டு ஆராய்ச்சியிலேயே, மெய்ச்செய்தி பகிர்வோர்க்குப் பரிசு வைத்தபொழுது மெய்யைப் பகிரும் பழக்கம் உண்டாயிற்று; பரிசு நின்றபின்னும் அது நிலைத்தது. இரையை மாற்றினால் பழக்கமும் மாறும் என்பது இதனால் தெளிவு.

தொண்டைநாட்டுத் திருநின்றவூரிற் பூசலார் நாயனார் கல்லும் பொருளும் பெறாது, மனத்தினுள்ளே அடிநிலை தொட்டுச் சிகரமீறாகத் திருக்கோயில் எடுத்தார். அக்கோயிலைக் கண்டாரில்லை, புகழ்ந்தாருமில்லை. அதே காலத்திற் காடவர்கோன் காஞ்சியிற் கற்றளி எடுத்தான்; கண்டார் அனைவரும் வியந்தனர். இறைவனோ அரசன் குறித்த நாளில் முதலிற் பூசலார் கோயிலிற் புகுவதாகக் கனவில் உணர்த்தி, அரசன் நாளை வேறாக்கிக்கொள்ளுமாறு பணித்தான். ஒருவருங் காணாத கோயிலைக் கண்டவன் ஒருவன் இருந்தான். அவன் காண்பான் என்னும் உறுதி உடையார்க்கு வேறு தொகை வேண்டா; அவ்வுறுதி இல்லார்க்கு எத்தொகையும் போதாது. சைவ நன்மக்கள் எதனைச் சார்ந்து எதன் வண்ணம் ஆகின்றனர் என்பதைத் தத்தம் கைப்பேசியை வைத்துவிட்டு ஒரு நாழிகை எண்ணிப்பார்ப்பாராக.

திருச்சிற்றம்பலம்.